ஐந்து நாள் பயணி

நெல் அறுத்த பிறகு வயலில் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் தாளைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் இப்படிப்பட்ட தாள் நிற்கும் துண்டு நிலங்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஒரு பக்கம் கம்பெனி மதில், இன்னொரு பக்கம் மனை பிரித்துக் கல் நட்ட நிலம், இடையில் விற்காமல் தப்பிய அரை ஏக்கர், ஒரு ஏக்கர். அறுவடை இயந்திரம் வந்துபோன சில நாளில் தாளின் கணுவிலிருந்து இளம்பச்சைத் துளிர் கிளம்பும். தரையில் ஈரம் இருந்தால் அது வளர்ந்து சின்னக் கதிர்கூட வைக்கும். மாடு மேய்ந்துகொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். இந்தப் பக்கம் மாடும் குறைந்துபோயிற்று.

நான் சொல்ல வந்த பயணம் அந்தத் துளிரில் தொடங்குகிறது. பயணம் செய்வது துங்ரோ வைரஸ், நெல்லுக்கு வரும் வைரஸ் நோய்களில் தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மிகக் கொடியது. ஆனால் அதனால் தானாக அந்தத் துளிரை விட்டு வெளியேற முடியாது. விதை வழியாக அது போகாது. மண்ணில் தங்காது, தண்ணீரில் ஓடாது, காற்றில் பறக்காது. நோயுள்ள இலையை நல்ல இலையோடு உரசினாலும் தொற்றாது. வெளியேற அதற்கு ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது. அது ஒரு பூச்சியின் வாய்.

அந்தப் பூச்சியைப் பச்சைத் தத்துப்பூச்சி என்போம். நான்கைந்து மில்லிமீட்டர் நீளம், நெல் இலையின் அதே பச்சை. ஆண் பூச்சிக்கு இறக்கையின் நடுவில் இரண்டு கறுப்புப் புள்ளிகளும் நுனியில் கறுப்பும் உண்டு. பயிருக்குள் கையை விட்டு அசைத்தால் நேராக ஓடாமல் பக்கவாட்டில் குறுக்காக நகரும், பிறகு தெறித்துப் பறக்கும். கார்த்திகை மாத இரவுகளில் வீட்டு டியூப்லைட்டைச் சுற்றி மொய்த்து, சாப்பாட்டுத் தட்டில் விழும் பச்சைப் பூச்சிகளில் இதுவும் ஒன்று. வங்காளத்தில் காளி பூஜை நாட்களில் விளக்குக்கு வரும் பூச்சி என்றே இதற்குப் பேர்.

இந்தப் பூச்சி இலையைக் கடித்துத் தின்பதில்லை. அதன் வாய் ஓர் ஊசிக்கட்டு. தலைமுடியைவிட மெல்லிய நான்கு இழைகள் ஒன்றோடொன்று பொருந்தி, உள்ளே இரண்டு வாய்க்கால்களை உண்டாக்குகின்றன. ஒன்றின் வழியே எச்சில் இறங்கும், மற்றொன்றின் வழியே சாறு ஏறும். இலையுறையில் ஊசியை இறக்கும்போதே பூச்சி ஒருவகைக் கெட்டி எச்சிலை விடுகிறது. அது உறைந்து ஊசியைச் சுற்றிக் குழாய் போல் நிற்கும். அந்தக் குழாய்க்குள் ஊசியை நகர்த்தி நகர்த்தி, இலையில் தயாரான சர்க்கரை ஓடும் நாளத்தைப் பூச்சி தேடுகிறது. பள்ளிப் புத்தகத்தில் புளோயம் என்று படித்தோமே, அதுதான். துங்ரோ வைரஸ் குடியிருப்பதும் அங்கேதான். பூச்சி எங்கே பசியாறுகிறதோ அங்கே வைரஸ் காத்திருக்கிறது. நாளத்தை எட்டிக் குடிக்கத் தொடங்கினால் சில நிமிடங்களே போதும், வைரஸ் ஏறிவிடும்.

ஏறுவது ஒரு வைரஸ் அல்ல, இரண்டு. துங்ரோவைப் புரிந்துகொள்ள உலகத்துக்கு இத்தனை காலம் ஆனதற்கு இந்த இரட்டைத்தனமே காரணம். ஒன்று குச்சி வடிவம், மற்றது உருண்டை. உருண்டையின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல் அடுக்கலாம். குச்சி வைரஸின் மரபுப்பொருள் டிஎன்ஏ, உருண்டை வைரஸினுடையது ஆர்என்ஏ. இரண்டுக்கும் உறவே கிடையாது, வேறு வேறு குடும்பம். பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்குவது குச்சி வைரஸ். ஆனால் அதற்குத் தனியாகப் பூச்சியின் வாயில் ஒட்டிக்கொள்ளத் தெரியாது. உருண்டை வைரஸ் தனியாக இருந்தால் பயிரை அவ்வளவாக வாட்டாது, வெளியே பெரிய அடையாளமும் தெரியாது. ஆனால் பூச்சியில் ஏறவும் இறங்கவும் அதற்குத் தெரியும். கெடுக்கத் தெரிந்ததற்குப் போகத் தெரியாது, போகத் தெரிந்ததற்குக் கெடுக்கத் தெரியாது. இரண்டும் சேரும்போதுதான் நோய் பரவுகிறது.

இதில் இன்னும் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. ஒரு பூச்சி முதலில் உருண்டை வைரஸ் உள்ள செடியில் குடித்துவிட்டு, பிறகு குச்சி வைரஸ் மட்டும் உள்ள செடிக்குப் போனால், குச்சியையும் எடுத்துக்கொள்ளும். வரிசையை மாற்றிக் குச்சி உள்ள செடியில் முதலில் குடித்தால் குச்சி ஒட்டாது, ஒன்றும் நடக்காது. அப்படியானால், வெளியே அடையாளம் காட்டாத உருண்டை வைரஸ் ஒரு வட்டாரத்தின் நெல்லில் முன்கூட்டியே சத்தமில்லாமல் பரவியிருக்கும்போது, குச்சி வைரஸ் வந்து சேர்ந்தால் அதற்கு வண்டி தயாராக நிற்கிறது. நோயே இல்லை என்று நாம் நினைக்கும் வயல் பாதி வழி போய்விட்ட வயலாக இருக்கலாம்.

இந்த உண்மை ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. பூச்சி செடிக்குச் செடி நோயைச் சுமக்கும் என்று உலகில் முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் விஞ்ஞானி அல்ல, நெல் விவசாயி. ஜப்பானின் ஷிகா பகுதியைச் சேர்ந்த ஹாஷிமோட்டோ 1890-களில் நெல் குட்டை நோய்க்கும் தத்துப்பூச்சிக்கும் தொடர்பு உண்டு என்று கண்டார். வைரஸ் என்றால் என்னவென்றே உலகம் தெளியாத காலம் அது. 1933-ல் அதே நாட்டின் ஃபுகுஷி, அந்தக் குட்டை நோய் தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகிறது என்று காட்டினார். பூச்சி அங்கே வைரஸுக்கு வெறும் வண்டி அல்ல, வீடும்தான்.

துங்ரோ அப்படியல்ல. பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் நகரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ரிவேராவும் ஓவும் 1965-ல் இந்த நோயைப் பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிறது என்று நிறுவினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவிலும் அது அடையாளம் காணப்பட்டது. 1969-ல் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்க வயல்களை அது வாரிக்கொண்டு போனது. 1980-களில் தமிழ்நாட்டிலும் பெரிதாகத் தலைகாட்டியது. பழைய வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்கள் அதற்கு நன்றாகப் பழக்கப்பட்ட இடங்கள். இன்றைக்கு ஒரகடம் என்று சொல்லும் வட்டாரம் அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்ததுதான். நோய்க்குப் பின்னால் இருப்பது இரண்டு வைரஸ்கள் என்ற சங்கதி 1970-களின் கடைசியில்தான் ஹிபினோ குழுவினரால் தெளிவானது.

பூச்சியின் வாய்க்குள் ஏறிய பயணியிடம் திரும்புவோம். உள்ளே போனாலும் அது பூச்சியின் இரத்தத்தில் கலப்பதில்லை, பெருகுவதும் இல்லை. வாயை அடுத்த முன்குடல் பகுதியின் உள்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து அடுத்த செடியில் எச்சிலோடும் சாற்றோடும் கழன்று இறங்க வேண்டும். காத்திருக்க அதற்கு நேரம் இல்லை. குச்சி வைரஸ் அதிகபட்சம் நான்கைந்து நாள் நிற்கும், உருண்டை வைரஸ் அதற்கும் குறைவு. இளம் பூச்சி இடையில் தோலுரித்தால் உரித்த தோலோடு வைரஸும் போய்விடும். தாய்ப்பூச்சி இலையுறைக்குள் வரிசையாக இடும் முட்டைகளிலிருந்து ஒரு வாரத்தில் வெளிவரும் குஞ்சுகள் வைரஸ் இல்லாமல் சுத்தமாகத்தான் பிறக்கின்றன. ஐந்து முறை தோலுரித்து, சுமார் மூன்று வாரத்தில் இறக்கை முளைத்துப் பறக்கும் அந்தப் பூச்சிக்குக் குடிக்க நோயுள்ள நெல் எதுவும் கிடைக்கவில்லை என்றால், ஆயிரம் பூச்சி பறந்தாலும் துங்ரோ இல்லை.

மற்ற வைரஸ்களோடு ஒப்பிட்டால் இந்த ஐந்து நாளின் அருமை தெரியும். இதே காஞ்சிபுரம் பக்கத்தில் வெண்டை போடுகிறவர்களைக் கேளுங்கள், இலை நரம்பு மஞ்சளாகி வலை போலத் தெரியும் நரம்புத் தேமல் நோயைத்தான் முதலில் சொல்வார்கள். அதைச் சுமப்பது வெள்ளை ஈ. அந்த வைரஸ் ஈயின் குடலைத் தாண்டி, உடலெல்லாம் சுற்றி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. ஒருமுறை ஏறிவிட்டால் ஈ நெடுநாள் அதைச் சுமந்து திரியும். பப்பாளி வளையப்புள்ளி வைரஸோ நேர் எதிர். அசுவினி ஊசியை ஒரு கணம் குத்தி ருசி பார்த்தாலே ஏறிக்கொள்ளும், அடுத்த ஒன்றிரண்டு குத்திலேயே இறங்கிவிடும். எந்த மருந்தும் அசுவினியை அதற்குள் கொல்லாது. துங்ரோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அவ்வளவு வேகமும் இல்லை, அவ்வளவு நீண்ட ஆயுளும் இல்லை. ஐந்து நாளுக்குள் உயிருள்ள இன்னொரு நெல் செடி கிடைக்காவிட்டால் அதன் பயணம் முடிந்தது.

அந்த இன்னொரு செடி அதற்கு ஏன் எப்போதும் கிடைக்கிறது? இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் நெல் பட்டங்களைச் சொன்னாலே பாதி விடை வந்துவிடும். ஆடி ஆவணியில் சம்பா. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பின் மார்கழி, தையில் நவரை. அது அறுபடும் சித்திரை, வைகாசியில் சொர்ணவாரி. ஒன்று அறுக்கும்போது அடுத்தது நாற்றங்காலில். வருஷம் முழுக்க எங்காவது ஓரிடத்தில் நெல் பச்சையாக நிற்கும் ஊர் இது. ஏரிகள் மாவட்டம் என்று பெயர் வாங்கியதே அந்த வளத்தால்தான்.

ஆனால் அந்தப் பழைய ஒழுங்கில் ஒரு தற்காப்பும் இருந்தது. ஏரிப் பாசனத்தில் மதகு திறக்கும் நாளை நீங்களும் நானும் தனித்தனியாக முடிவு செய்ய முடியாது. ஊர் கூடிப் பேசி, நீர்க்கட்டி தண்ணீரைத் திருப்பிவிட்டால்தான் ஆயக்கட்டு முழுவதும் உழவு தொடங்கும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நட்டார்கள், ஒரே வாரத்தில் அறுத்தார்கள். அறுத்த பிறகு ஏரித் தண்ணீரும் இல்லாததால் தாள் காய்ந்தது. ஆயக்கட்டு முழுக்கப் பச்சை இல்லாத சில வாரங்கள் வந்தன. ஐந்து நாளைக்கு மேல் தாங்காத ஒரு பயணிக்கு அந்தச் சில வாரம் கடக்க முடியாத பாலைவனம். நோயை மனதில் வைத்து யாரும் அப்படிச் செய்யவில்லை. தண்ணீர்க் கட்டுப்பாடு நோய்க் கட்டுப்பாடாகவும் வேலை செய்தது, அவ்வளவுதான்.

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது இந்த வட்டாரத்தின் திசை மாறியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. பிள்ளைப்பாக்கம், வல்லம், வடகால் என்று சிப்காட் விரிந்துகொண்டே போனது. இந்த ஆலைகள் கொடுத்த வேலையையும் கூலியையும் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இந்த ஊர்களின் பிள்ளைகள் அதில்தான் படித்து நிமிர்ந்தார்கள். ஆனால் வயலில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஆயக்கட்டு ஒரே பரப்பாக இருந்தது துண்டு துண்டாகியது. வரத்துக்கால்வாய்கள் அறுபட்டன. மிஞ்சிய நிலத்துக்குத் தண்ணீர் இப்போது பெரும்பாலும் அவரவர் போர்வெல்லில் இருந்து வருகிறது. மதகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் தையில் நடுகிறார், பக்கத்துக்காரர் மாசியில் நடுகிறார், ஷிப்டு வேலைக்குப் போகும் மூன்றாமவர் ஆள் கிடைக்கும்போது நடுகிறார். ஒருவர் வயலில் தாள் துளிர்க்கும்போது அடுத்தவர் வயலில் நாற்று இரண்டு இலை விடுகிறது. வரப்பு ஒன்றுதான் இடையில். ஐந்து நாள் பயணிக்கு ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் வழி அது. போதாக்குறைக்கு, ஆலைக்காகவும் மனைக்காகவும் வாங்கிப் போட்ட நிலத்தில் தானாக முளைத்த நெல்லும் புல்லும் உழவில்லாமல் நிற்கின்றன. அதைப் பிடுங்க அங்கே ஆள் கிடையாது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பச்சைத் தத்துப்பூச்சிக்குச் சொல்லும் தடுப்பு முறைகளில் ஒரு சிறிய வரி இருக்கிறது. நாற்றங்காலை விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் போடாதீர்கள் என்பதே அது. அந்தி சாய்ந்ததும் பூச்சி வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும், விளக்கடியில் இறங்கும், இறங்கிய இடத்தில் இளம் நாற்று இருந்தால் அங்கேயே ஊசியை இறக்கும். இந்த அறிவுரை எழுதப்பட்ட காலத்தில் ஊருக்குச் சில விளக்குக் கம்பங்கள்தான் இருந்திருக்கும். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இரவு நேரத்தில் போய்ப் பாருங்கள். சாலை விளக்கு, மதில் விளக்கு, லாரி நிறுத்தத்தின் உயர்கோபுர விளக்கு என்று வானமே வெளுத்துக் கிடக்கும். இங்கே விளக்கில்லாத மூலையைத் தேடித்தான் நாற்று விட வேண்டும்.

நாற்றில் இறங்கிய வைரஸ் ஒரு வாரம், பத்து நாள் சும்மா இருப்பது போலத்தான் தெரியும். பிடுங்கி நடும்போது நாற்று நன்றாகவே இருக்கும். நட்ட பின்புதான் இலை நுனியிலிருந்து மஞ்சள் இறங்கும், பிறகு ஆரஞ்சு கலந்த நிறம். பயிர் குட்டையாக நிற்கும், தூர் கட்டாது, பூப்பது தள்ளிப்போகும். வரும் கதிரும் அரைகுறையாக வெளிவந்து, மணியில் பழுப்புத் திட்டோடு பதராகும். நட்ட முதல் மாதத்தில் பிடித்த வயலில் கதிர் அரிவாளுக்கு வேலை இருக்காது. பூக்கும் நேரத்தில் பிடித்தால் சேதம் குறைவு.

இந்த மஞ்சளைத் தவறாகப் படிப்பதில்தான் அடுத்த இழப்பு. உரக்கடையில் நடக்கும் பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"அண்ணா, பயிரு மஞ்சளா ஓடுது. இன்னா போடறது?"

"சத்துக் குறைவுதாம்மா. யூரியா ஒரு மூட்டை, ஜிங்க் கொஞ்சம் கலந்து வீசு. பச்சை புடிச்சிக்கும்."

யூரியா போட்டால் நோயுள்ள பயிர் தேறாது. தழைச்சத்து கூடக் கூடச் சுற்றியுள்ள நல்ல பயிர் கொழுகொழுவென்று வளர்ந்து, தத்துப்பூச்சிக்கு இன்னும் ருசியாகிறது. சத்துக்குறைவா, துங்ரோவா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. விடியற்காலை ஆறு மணிக்குள், வெயில் ஏறும் முன், சந்தேகப்பட்ட பயிரின் இலை நுனியில் பத்து சென்டிமீட்டர் கிள்ளி எடுக்க வேண்டும். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கரைத்த கரைசலில் கால் மணி நேரம் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். துங்ரோ இருந்தால் இலையில் கருநீலக் கோடுகள் தெரியும். காரணம் எளிது. நல்ல இலை பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவோடு இரவாகச் செடியின் மற்ற பாகங்களுக்கு அனுப்பிவிடும். வைரஸ் நாளத்தில் உட்கார்ந்துகொண்ட இலையில் மாவு தேங்கிவிடும். அயோடின் அந்த மாவைக் காட்டிக்கொடுக்கிறது. ஆறு மணிக்கு மேல் வெயில் பட்டு இலை மறுபடி மாவு செய்யத் தொடங்கிவிட்டால் சோதனை குழம்பும், அதனால்தான் விடியற்காலை. ஒவ்வொரு ஊர் வேளாண் உதவி அலுவலரிடமும் இந்தச் சீசா ஒன்று இருந்தால் எத்தனை மூட்டை யூரியா மிஞ்சும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இந்தப் பயணத்தை மறிக்க இங்கிருந்தே கிளம்பிப்போன ஒரு நெல்லும் உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே, திருவள்ளூரை ஒட்டித் திரூர்க்குப்பத்தில் 1942 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே ஜிஇபி 24-ஐயும் கோ 18-ஐயும் இணைத்து 1952-ல் வெளியிட்ட ரகம் டிகேஎம் 6. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் நெல் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. லாஸ் பான்யோஸில் ஐஆர் 8 என்ற அதிசய நெல் பூச்சிக்கும் நோய்க்கும் மடங்கி விழத் தொடங்கிய நேரத்தில், அங்குள்ள நெல் வளர்ப்பாளர்கள் டிகேஎம் 6-ஐ எடுத்துக் கலந்தார்கள். 1969-ல் ஐஆர் 20 பிறந்தது. துங்ரோவையும் ஓரளவு தாங்கியது. தமிழ்நாட்டுச் சம்பா வயல்களுக்கு அது திரும்பி வந்தபோது, நம் வீட்டில் பல காலம் சோறாக இருந்த அந்த அரிசிக்குள் திரூர்க்குப்பத்தின் இரத்தம் ஓடியது எத்தனை பேருக்குத் தெரியும்? 1976-ல் வந்த ஐஆர் 36-க்கும் டிகேஎம் 6 மூதாதைகளில் ஒன்று. ஒரு காலத்தில் உலகிலேயே அதிகப் பரப்பில் பயிரான நெல் ரகம் அது. இந்த மண்ணின் ஒரு நெல் கடல் கடந்து போய் உலகுக்குச் சோறு போட்டதை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தாங்கும் நெல் எப்படித் தாங்குகிறது? பெரும்பாலான ரகங்கள் வைரஸை எதிர்ப்பதில்லை, பூச்சியைத்தான் பட்டினி போடுகின்றன. இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனை உண்டு. நெல் செடியின் வேரைச் சிவப்புச் சாயத் தண்ணீரில் வைத்தால், சாயம் தண்ணீர் ஏறும் சைலம் நாளத்தில் மட்டும் ஏறும். பிறகு தத்துப்பூச்சியை அதில் விட்டு, அது கழிக்கும் சொட்டுகளை வடிதாளில் பிடிக்கிறார்கள். எதிர்ப்பு ரகத்தில் சொட்டு சிவப்பாக விழுகிறது. அதாவது, சர்க்கரை நாளத்தில் குடிக்க முடியாமல் பூச்சி வெறும் தண்ணீர் நாளத்தைக் குடித்துத் தவிக்கிறது. வைரஸ் குடியிருக்கும் நாளத்தில் ஊசி நிலைத்து நிற்காததால் நோயும் குறைகிறது. ஆனால் ஒரே ரகத்தை எல்லோரும் ஆண்டுக்கணக்கில் போட்டால் பூச்சி சில தலைமுறையில் பழகிவிடும். தாங்கிக்கொண்டிருந்த ரகம் பிறகு மடங்கும். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் ஒன்றன்பின் ஒன்றாக இப்படித்தான் நடந்தது.

வைரஸையே நேராகத் தடுக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இந்திரனில் தாஸ்குப்தா குழுவினர், குச்சி வைரஸின் மரபுத்துணுக்கு ஒன்றை நெல்லுக்குள் வைத்து, அதே வைரஸ் வந்தால் செடியே அடையாளம் கண்டு அடக்கும்படி செய்தார்கள். 2008-ல் அது வெளியானது. பிறகு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அந்தக் குணத்தை அம்பாசமுத்திரத்து ஏஎஸ்டி 16 ரகத்துக்குக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்தார்கள். மரபணு மாற்று நெல் என்பதால் அது விவசாயி கைக்கு வரவில்லை. இந்தோனேசியாவின் உத்ரி மேரா என்ற பழைய நெல்லில் உருண்டை வைரஸைத் தடுக்கும் குணம் இயற்கையாகவே இருக்கிறது. அதற்குக் காரணமான மரபணுவில் நுண்திருத்தம் செய்தும் அதே பலனைப் பெறலாம் என்று 2018-ல் காட்டினார்கள். உருண்டையைத் தடுத்தால் குச்சிக்கு வண்டி இல்லை என்பதால் இந்த வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அது வரும் வரை ஐந்து நாள் கணக்குதான் நம் கையில் இருக்கும் ஆயுதம். மருந்து அடிப்பதைக் கடைசியாகத்தான் வைப்பேன். துங்ரோ வரும் பகுதியில் ஒரு குத்துக்கு இரண்டு தத்துப்பூச்சி இருந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் அளவுகோல், வராத பகுதியில் ஐந்து வரை பொறுக்கலாம். ஆனால் பூச்சி ஏற்கெனவே ஊசியை இறக்கிவிட்டால் மருந்து பூச்சியைக் கொல்லும், செடியை மீட்காது. வயல் சிலந்தியும் முட்டையைத் தின்னும் நாவாய்ப் பூச்சியும் சேர்ந்து சாகும். நாற்றங்காலைக் காப்பாற்றுவது அதைவிட ஆயிரம் மடங்கு மலிவு. இருபது சென்ட் நாற்றங்காலுக்கு 12.5 கிலோ வேப்பம்புண்ணாக்கு அடியுரமாகப் போடச் சொல்கிறார்கள். பரப்பு சிறியது, செலவு சிறியது, பயிரின் ஆபத்தான வயதும் அதுதான்.

நாற்று விடுவதற்கு முன் பழைய வயலின் தாளை மடக்கி உழுதுவிடுங்கள், துளிர்க்கும் முன்பே. பக்கத்து வயல்காரரோடு பேசி, ஏரி மதகு இல்லாவிட்டாலும் நடவை இரண்டு வாரத்துக்குள் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே போர்வெல் வரிசையில் இருக்கும் பத்து பேர் ஒத்துக்கொண்டால் போதும், பெரிய அரசாணை எதுவும் தேவையில்லை. நாற்றங்காலை மதில் விளக்குக்குத் தள்ளிப் போடுங்கள். மஞ்சள் கண்டால் உரக்கடைக்குப் போகும் முன் அயோடின் சோதனையைக் கேளுங்கள்.

சிப்காட் அதிகாரிகளுக்கும், நிலம் வாங்கி வெறுமனே போட்டிருக்கிற ஆலைகளுக்கும் மனை உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வேலிக்குள் தானாக முளைத்து நிற்கும் நெல்லையும் தாளையும் கார்த்திகைக்கு ஒரு தடவை, சித்திரைக்கு ஒரு தடவை உழுது போடுங்கள். ஒரு ஏக்கருக்கு டிராக்டர் வாடகை ஒரு மணி நேரம்தான். வயலைப் பார்த்து நிற்கும் மதில் விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் நெல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.